ஆறு பெல்ட் உள்ள வண்டி

அயர்லாந்திலிருந்து என் மகள் சுகந்தி தொலைபேசியில் சொன்னாள்: "அப்பா, டூருக்கு ஒரு கேரவன் எடுக்கலாம்னு பாக்கறோம். கைக்கொழந்தய வெச்சிக்கிட்டு லாட்ஜு லாட்ஜா ஏறி எறங்க முடியாது. நீங்க நேர்ல பாத்துட்டு எடுக்கலாமா வேணாமான்னு சொல்லுங்க. நீங்கதான் எதையும் ஒழுங்கா பாப்பீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே ஒப்புக்கொண்டேன்.

பாலக்கோடு தக்காளி மண்டியில் எடை எழுதுவது என் வேலை. மனைவி மரகதம், மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக அங்கே போயிருக்கிறாள். விடுமுறைக்கு எல்லோரும் சேர்ந்து வருகிறார்கள். வந்ததும் ராமேஸ்வரம், அங்கிருந்து கன்னியாகுமரி என்று திட்டம். மாப்பிள்ளையின் அம்மாவும் சேலத்திலிருந்து வந்து சேர்ந்துகொள்வார்.

மாடு இருக்கும் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும் ஒருவர் தங்கியாக வேண்டும். காலையும் மாலையும் பால் கறக்க வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும், தீனி போட வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான். மரகதமும் சுகந்தியும் பக்கத்து வீட்டாரோடு ராமேஸ்வரம் போய் வந்திருக்கிறார்கள். அவர்கள் வாங்கி வந்த சங்கு எங்கள் அலமாரியில் இருக்கிறது. ராமேஸ்வரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இந்தப் பயணப் பேச்சு எழுந்ததும், கடைசியாக மிஞ்சியிருந்த செவலைப் பசுவைக் கன்றோடு இரண்டு தெரு தள்ளி இருக்கும் சென்னப்பனுக்கு விற்றுவிட்டேன். இதை அயர்லாந்தில் யாருக்கும் சொல்லவில்லை. வந்த பிறகு, வண்டி கிளம்பும்போது, நானும் ஏறிக்கொண்டால் அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க நினைத்தேன். மரகதம் பேசும்போதெல்லாம், "செவல எப்படி இருக்குது?" என்று கேட்பாள். "நல்லாருக்குது" என்பேன். பொய் இல்லை. சென்னப்பன் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்.

ஆக, வண்டியில் நான் பார்க்க வேண்டியவை இரண்டு. குடும்பத்துக்கு அது ஒத்துவருமா? அதில் என் இடம் எது?

முதல் நாள்

தருமபுரியில் வண்டி மூன்று நாள் சோதனை ஓட்டத்துக்குத் தயாராக நின்றது. வேனைத்தான் கேரவனாக மாற்றியிருந்தார்கள். வெள்ளை உடம்பு, கறுப்புக் கண்ணாடி. உள்ளே கட்டில், அடுப்பு, குட்டிக் குளிர்பெட்டி, கைகழுவும் தொட்டி, கழிப்பறை. நான் அளவு நாடா கொண்டுபோயிருந்தேன். கட்டிலில் மாப்பிள்ளை கால் நீட்டலாம். அடுப்புக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவில் மட்டும் நாடாவுக்கு வேலையே இல்லை. என் முழங்கை நீளம்தான். குளியலறை வாசல் பக்கம் குடிதண்ணீர்க் குடத்தைக்கூட வைக்க விடாதவர் சம்பந்தியம்மா. இதை அவரிடம் யார் சொல்வது?

ஓட்டுநர் பெயர் முனிராஜ். சினிமாப் படப்பிடிப்புகளுக்கு ஓட்டியவர். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டே கேட்டார்: "பழம் வெச்சாச்சுங்ணா. உள்ள அடுப்பு இருக்குது, பாலு காய்ச்சிடலாங்களா?"

"இது வண்டிதானே, முனிராஜ்?"

"படுக்கற எடம், சமைக்கற எடம் எல்லாம் இருக்குதே. வூடு மாதிரிதானுங்க. ஒரு ஈரோயினு இதே கட்டில்ல மூணு நாளு தூங்கிச்சு."

"எந்த ஹீரோயின்?"

"அத சொல்லக்கூடாதுங்ணா. தொழில் தர்மம்."

பென்னாகரம் வருவதற்குள் அந்த ஹீரோயின் தூங்கிய மூன்று நாள் ஒரு வாரமாகிவிட்டது.

பென்னாகரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பாலும் காப்பித்தூளும் வாங்க இறங்கினேன். திரும்பி வந்தபோது வண்டியைச் சுற்றிக் கூட்டம். பூ விற்பவர்கள், பேருந்துக்கு நின்றவர்கள், கல்லாவை அப்படியே விட்டுவிட்டு வந்த ஒரு கடைக்காரர். "மேக்கப்பு போட்டுக்கினு இருக்காங்களாம்" என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னார். முனிராஜ் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கதவில் சாய்ந்துகொண்டு புன்னகைத்தார்.

கையில் பால் பொட்டலத்தோடு கூட்டத்தை விலக்கினேன். "யோவ், எல்லாரும்தான் நிக்கறோம், பின்னால வாய்யா" என்று ஒருவர் என் தோளைப் பிடித்தார். ஒருவழியாக உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினேன். வெளியே செல்பேசிகள் உயர்ந்தன. சன்னலைத் திறந்தேன்.

தோளைப் பிடித்தவரே கேட்டார், இப்போது மரியாதையாக: "மேனேஜருங்களா?"

"இல்லைங்க. பாலக்கோடு தக்காளி மண்டி."

"உள்ள வேற ஆருங்க?"

"யாரும் இல்லைங்க. நான் மட்டும்தான்."

அவர் செல்பேசியை இறக்கினார். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்: "டேய், உள்ள ஆருமே இல்லையாம்டா!"

கூட்டம் கலைந்தது. மலைச்சாலையில் இறங்கும் வழியெல்லாம் அந்தக் குரல் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒகேனக்கல்லில் மீனை நாம் வாங்கிக் கொடுத்தால், அங்கேயே அடுப்பு வைத்திருக்கும் பெண்கள் சமைத்துத் தருவார்கள். எனக்குச் சமைத்த அம்மாள் மீனைக் கழுவிக்கொண்டே வண்டியைப் பார்த்தார். "எத்தினி பேருக்கு சோறு வெக்கட்டும்?"

"ஒருத்தருக்கு."

"வண்டிய பாத்து நான் பெரிய சட்டிய எடுத்து வெச்சேன்" என்று அதை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுச் சின்னதை எடுத்து வந்தார். முனிராஜுக்குப் பெருமாள் விரதமாம். புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டார்.

குழம்பில் புளி தூக்கல், நன்றாகவே இருந்தது. வண்டியின் பக்கவாட்டில் ஒரு கூடாரத் துணி உண்டு. அதை விரித்து, மடக்கு மேசை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மீதி நாற்காலிகளை மடித்தே வைத்திருந்தேன். அக்கரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் பரிசல் துறைக்குப் போகும் வழியில் நின்று வண்டியைப் பார்த்தது. கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். மண்டிக்கு எல்லை தாண்டி வரும் வியாபாரிகளோடு பேசிப் பேசி எனக்கு அது புரியும். கணவர், "என்ன பெரிய வண்டி பார், இவர் ஒருவருக்கா?" என்றார். மனைவி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்திருப்பார், பாவம். சாப்பிடட்டும், பார்க்காதீர்கள்."

நல்ல பெண். எனக்குக் கன்னடம் தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வண்டிக்குள் ஒரு வேலை செய்தேன். ஒவ்வொருவருக்கும் ஓர் இருக்கை ஒதுக்கி, அவர் இடத்தில் நானே உட்கார்ந்து பார்த்தேன். ஓட்டுநருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை. வழி சொல்லிக்கொண்டே வராவிட்டால் அவருக்கு ஆகாது. முன்பக்கம் பார்த்த இருக்கை சம்பந்தியம்மாவுக்கு. மலைப்பாதையில் தலை சுற்றும். அவர் பக்கத்தில் மரகதம். அங்கே உட்கார்ந்தபோது முட்டியை நீட்ட இடம் இருக்கிறதா என்றும் பார்த்தேன். சன்னலோரம் மூத்த பேத்தி. அடுத்து சுகந்தி, அவளை ஒட்டிக் குழந்தையின் இருக்கை; அதையும் பெல்ட்டில்தான் கட்ட வேண்டும். போன முறை வந்தபோது, எங்கள் வாசலிலிருந்து தெருமுனைக்குப் போகக்கூட மூத்தவளைப் பெல்ட்டில் கட்டாமல் காரை நகர்த்த விடாதவள் அவள்.

ஓட்டுநருடையது போக ஆறு பெல்ட். ஆறு பேர். நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

முனிராஜைக் கூப்பிட்டுக் கேட்டேன். கட்டிலுக்குக் கீழே இருந்த பலகையைத் தட்டிக் காட்டினார். "இதுல தாராளமா ஒக்காரலாங்ணா. நம்மூர்ல எவன் பெல்ட்டு போடறான்? அனுசரிச்சிக்கலாம்."

டெம்போவில் அளவுக்கு மேல் பெட்டி ஏற்றாதே என்று பிறரிடம் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. அந்தப் பலகையில் உட்கார என்னால் முடியாது. என்னை யாரும் உட்கார விடவும் மாட்டார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள்

மாடு விற்ற பிறகும் கறவை நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வீட்டில் என்றால் சங்கிலிச் சத்தம் கேட்காத கொட்டகையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மீண்டும் படுப்பேன். இங்கே அருவிச் சத்தம் மட்டும் இருந்தது. மெத்தையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கழிப்பறைத் தொட்டியை எங்கே காலி செய்வது என்று கேட்டதற்கு முனிராஜ், "அத நானு பாத்துக்கறேன், நீங்க கேக்காதீங்க" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான், சுகந்தி கேட்பாள்.

கிராமத்துச் சாலையில் வண்டி எப்படிப் போகிறது என்று பார்க்க ஏரியூர்ப் பக்கம் திரும்பினோம். இரண்டு பக்கமும் நிலக்கடலையும் மரவள்ளியும். ஊருக்குள் நுழையும்போது புளியமரக் கிளை ஒன்று கூரை மேலிருந்த ஏசிப் பெட்டியைச் சிராய்த்தது. முனிராஜ் வண்டியை நிறுத்திவிட்டு, என் மேல் கோபப்பட முடியாததால் மரத்தைத் திட்டினார். பிறகு ஏணி தேடிக்கொண்டு போனார்.

கதவு திறந்திருந்தது. நான் காப்பிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்மணி செருப்பைக் கீழே கழற்றிவிட்டு ஏறினார். அறுபது வயதிருக்கலாம். காட்டு வேலைக்குப் போகிற சேலைக்கட்டு, இடுப்பில் ஒரு துணி மூட்டை. மரகதத்துக்கு ஒதுக்கிய இருக்கையில் நேராகப் போய் உட்கார்ந்து, இடது கையை மேசை மேல் நீட்டினார்.

"பாருங்க சாரு" என்றார்.

"என்ன பாக்கணும்ங்க?"

"பிரசருதான். சக்கரைக்குப் போன தடவயே மாத்தர குடுத்துட்டீங்க. அது தீந்துபோச்சு."

இலவசமாக மாத்திரை தரும் மருத்துவ வண்டி என்று நினைத்துவிட்டார். வெளியே இன்னும் இரண்டு பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் டாக்டர் இல்லை, இது அந்த வண்டி இல்லை என்று விளக்கினேன். அவர் நீட்டிய கையை எடுக்கவில்லை.

"பின்ன எதுக்கு கட்டிலு போட்டு வெச்சிருக்கிற?" டாக்டர் இல்லை என்றதும் 'சாரு'ம் 'ங்க'வும் போய்விட்டன.

"குடும்பத்தோட ஊரு சுத்தப் போறதுக்கு. ராத்திரி இதுலயே தூங்கிக்கலாம்."

அவர் வெளியே பார்த்துச் சொன்னார்: "ஏ கோவிந்தம்மா, மாத்தர வண்டி இல்லடி. இவுங்க வூட்டையே தூக்கிக்கினு டூரு போறாங்களாம்!" வெளியே சிரிப்புக் கேட்டது. வரிசை கலைந்தது. இவர் மட்டும் இறங்கவில்லை. பால் பொங்கி வந்தது. காப்பி வேண்டுமா என்று கேட்டேன்.

"சக்கர போடாத" என்றார். கலக்கும்போது, "சரி, ஒரு கரண்டி போடு. ஒண்ணும் ஆவாது" என்றார்.

பெயர் சின்னபாப்பா. மூட்டையை அவிழ்த்து வேகவைத்த கடலையை மேசையில் கொட்டினார். காப்பியை ஊதிக்கொண்டே ஒவ்வொரு இருக்கையாக யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். ஆறும் முடிந்தது.

"மாட்ட ஆரு பாக்கறது?" என்றார்.

நீ எங்கே உட்காருவாய் என்று அவர் கேட்கவில்லை. ஆறு பேர் போகிறார்கள், ஏழாவது ஆள் மாட்டுக்கு. அவர் கணக்கில் எல்லாம் சரியாக இருந்தது.

"மாடு வித்தாச்சுங்க."

"அட! எதுக்கு?"

"நானும் போலாம்னு."

கடலை உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எங்கூட்டுலயும் இப்பிடித்தான். வருசாவருசம் எல்லாரும் தீர்த்தமலைக்கு வண்டி கட்டிக்கினு போவாங்க. என்னய மாட்டுக்கு வெச்சிட்டு போவாங்க. வரும்போது பாட்டல்ல தீர்த்தம் கொண்டாந்து குடுப்பாங்க. 'ஏன்டா, நானும் மனுசிதான, மலய பாக்கவேணாமா'ன்னு ஒருநாளு கேட்டுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? 'நீயி வர்றேன்னு சொல்லவே இல்லியே ஆத்தா'ன்னான் எம்பையன்." சிரித்தார். "கேக்காம ஆரு குடுப்பாங்க? நீயி மாடு வித்தத சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லைங்க."

"நல்ல ஆளுதான்" என்று டம்ளரை வைத்துவிட்டு இறங்கினார். கடலையை விட்டுவிட்டுப் போனார். கீழே செருப்பைப் போட்டுக்கொண்டு, "மாத்தர வண்டி வந்தா இங்கயே நிக்கச் சொல்லு" என்று முனிராஜிடம் சொல்வது கேட்டது.

அன்று வேறெதுவும் எழுதும்படி நடக்கவில்லை. தருமபுரி புறவழிச்சாலையில் லாரிகளுக்கு நடுவே வண்டியை நிறுத்தித் தூங்கினோம். கடலைதான் இரவுச் சாப்பாடு.

மூன்றாம் நாள்

அரூர் வழியாகத் தீர்த்தமலை. மேலே போகும் வழி முழுக்கக் குரங்குகள். என் முன்னால் ஒரு குடும்பம், பின்னால் ஒரு குடும்பம். இரண்டுக்கும் நடுவில் நான் நடந்ததால், முன்னால் போனவர்கள் என்னைப் பின்னால் வந்தவர்களின் ஆள் என்றும், பின்னால் வந்தவர்கள் முன்னால் போனவர்களின் ஆள் என்றும் நினைத்தார்கள். "உங்கப்பா மூச்சு வாங்கறாரு, ஒக்கார வைங்க" என்று பின்னால் வந்த அம்மாள் முன்னால் போன பெண்ணிடம் சொன்னார். அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, "எங்கப்பா கீழ வண்டியில இருக்காருங்க" என்றாள். பாறையிலிருந்து விழும் தீர்த்தத்தில் தலையை நனைத்துக்கொண்டேன். பாட்டிலில் பிடிக்கவில்லை.

இறங்கி வந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சுகந்தி அழைத்தாள்.

பார்த்ததை வரிசையாகச் சொன்னேன். மெத்தை, அடுப்பு, குளிர்பெட்டி நன்று. கழிப்பறை சமையலுக்கு மிக அருகில்; சம்பந்தியம்மாவுக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. கழிவுத் தொட்டி பற்றி எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மரக்கிளை உள்ள ஊர்ப் பாதைகளில் கவனம். பெல்ட் ஆறு.

"ஆறா? கரெக்டுப்பா. நாங்க ஆறு பேருதான்" என்றாள். யார் யார் என்று கேட்டேன். நான் உட்கார்ந்து பார்த்த அதே ஆறு பேரை அவளும் சொன்னாள். "நீங்கதான் மாட்ட விட்டுட்டு எங்கயும் வரமாட்டீங்களே."

அவள் குரலில் குறை எதுவும் இல்லை. மழை பெய்தால் நனையும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். எதிரே ஒரு குரங்கு யாரோ ஒருவரின் தேங்காய் மூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. எல்லோரும் கத்தினார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தேன்.

"செவலய வித்துட்டேம்மா."

 பதிலுக்கு மரகதத்தின் குரல் கேட்டது. பக்கத்திலேயே இருந்திருக்கிறாள்.

"என்னாது? எந்த செவல?"

"நம்ம செவலதான். சென்னப்பனுக்கு."

"போன வாரம் கேட்டேனே, நல்லாருக்குதுன்னு சொன்னீங்க?"

"நல்லாத்தான் இருக்குது. சென்னப்பன் வூட்டுல."

மாப்பிள்ளை சிரிப்பை அடக்குவது கேட்டது. மரகதம் அடக்கவில்லை, சத்தம் போட்டாள். "ஆரக் கேட்டு வித்தீங்க? கன்னுக்குட்டியயுமா? எதுக்கு வித்தீங்க?"

"நானும் வரலாம்னுதான்."

மனதுக்குள் அதைப் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். வெளியே வந்தபோது அது நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது.

"சொல்லியிருக்கலாம்லப்பா" என்றாள் சுகந்தி.  "கொழந்தய நான் மடியில..." என்று அவளே தொடங்கினாள்.

"கூடாது" என்றேன்.

"ஆமா, கூடாது." யோசித்தாள். "அப்ப ஒண்ணு பண்ணலாம்ப்பா. நீங்க ராமேஸ்வரத்துக்கு பஸ்ஸுல வந்துருங்க. நாங்க அங்க வந்து சேந்துக்கறோம்."

நேற்றிரவு லாரிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு நானும் இதே ஏற்பாட்டைத்தான் யோசித்திருந்தேன். அவள் வாயால் அதைக் கேட்டதும் எலுமிச்சை சாதப் பொட்டலத்தை மூடி வைத்தேன். "சரிம்மா" என்றேன்.

"அப்ப எனக்கும் பஸ்ஸுதான்" என்றாள் மரகதம்.

"அம்மா, உங்க முட்டி..." என்றாள் சுகந்தி.

"முட்டி என்னோடது. எஞ்சீட்டுல உங்க மாமியா அவங்க பைய வெச்சிக்கட்டும். இந்த மனுசன் தனியா பஸ்ஸு மாறி, எடத்த அளந்து, எழுதி முடிச்சி வர்றதுக்குள்ள நீங்க கன்னியாகுமரியே போயிருப்பீங்க." பிறகு என்னிடம்: "மாட்டு விசயத்த வந்து பேசிக்கறேன்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

முனிராஜ் சாதப் பொட்டலத்தை மடித்து வீசிவிட்டு வந்தார். "என்னங்ணா முடிவு?"

"எடுத்துக்கறோம்."

"ஏழு பேருதான? அனுசரிச்சிக்கலாம்."

"அஞ்சு பேரு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. தருமபுரி வரை அவர் ஹீரோயின் கதையை மறுபடியும் சொல்லிக்கொண்டு வந்தார்.

வண்டியை ஒப்படைத்துவிட்டுப் பாலக்கோடு பேருந்தில் ஏறினேன். கூட்டம் இன்னும் ஏறவில்லை. இருவர் உட்காரும் இருக்கை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சன்னலோரத்தை விட்டுவிட்டு நடைபாதைப் பக்கம் உட்கார்ந்தேன். நாடாவை எடுத்து, முன்னிருக்கைக்கும் சன்னலோர இருக்கைக்கும் நடுவே அளந்தேன். முட்டிக்கு இடம் குறைவு. நடத்துனர் இருக்கைக்குப் பின்னால் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ராமேஸ்வரம் பேருந்திலும் அப்படித்தானா என்று விசாரிக்க வேண்டும்.

பேருந்து நகரும் நேரத்தில் ஒரு விவசாயி ஏறினார். கையில் காலித் தக்காளிக் கூடைகள். மண்டியில் பார்த்த முகமாகத்தான் இருந்தது. வேறு இடமெல்லாம் நிறைந்திருந்தது. காலியாக இருந்த சன்னலோரத்தையும் என் கையிலிருந்த நாடாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்க ஆளு வருதுங்களா?"

"வருதுங்க" என்றேன். "ஆனா இன்னைக்கு இல்ல. நீங்க ஒக்காருங்க."

நாடாவைச் சுருட்டிக்கொண்டு, கால்களை ஒதுக்கி வழி விட்டேன்.